பின்னிருக்கையின் குளிர்

காரில் குளிர் முதலில் பின்னாலிருந்துதான் வந்தது. இன்றைக்கு ஏர்கோன் என்றால் கை தானாக ஸ்டீரிங்குக்குப் பக்கத்துப் பொத்தானைத் தேடுகிறது. முகத்துக்கு நேரே காற்று அடிக்கிறது. ஆனால் குளிரூட்டி காருக்குள் நுழைந்த காலத்தில் அதன் குளிர்விக்கும் பகுதி பின்னிருக்கைக்கும் பின்னால், சாமான் பெட்டிக்குள் இருந்தது. அங்கிருந்து கிளம்பிய காற்று முதலில் தொட்டது பின்னிருக்கையில் இருப்பவரின் பிடரியை. ஓட்டுகிறவருக்கு மிச்சம்தான்.

இது ஒரு பொறியியல் தகவல். ஈப்போவில் வளர்ந்த எனக்கு இது வெறும் பொறியியலாகப் படவில்லை. என் தாத்தா ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு தவுக்கேயிடம் கார் ஓட்டியவர். பாட்டி சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். காரின் முன்னிருக்கை, பால்மரக் காடு - இந்த இரண்டும்தான் எங்கள் குடும்பத்துக்கு இந்த நாட்டில் கிடைத்த இடங்கள். பின்னிருக்கை எங்களுடையது அல்ல. ஆகவே பின்னிருக்கைக்குக் குளிர் வந்த கதையைப் படிக்கும்போது, அப்படியானால் வெப்பம் எங்கே போனது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

கதை 1939 நவம்பரில் தொடங்குகிறது. சிகாகோவில் நடந்த மோட்டார் கண்காட்சியில் பெக்கார்ட் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டுக் கார்களைக் காட்டியது. தொழிற்சாலை வழியாகவே ஏர்கோன் பொருத்தி விற்கப்பட்ட முதல் கார்கள் அவை. கருவியைச் செய்து கொடுத்தது கிளீவ்லாந்தின் பிஷப் அண்ட் பாப்காக் நிறுவனம். கூடுதல் விலை 274 டாலர். அதே கருவி குளிர்காலத்தில் வெப்பமும் தரும் என்பதால் அதற்கு 'வெதர் கண்டிஷனர்' என்று பெயர் வைத்தார்கள்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்னால் இன்ஜினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட கம்ப்ரசர். அது காஸை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே காஸ் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகும். திரவம் காரின் அடிவயிற்றோடு ஓடும் நீண்ட குழாய்களில் பின்னோக்கிப் பயணம் செய்து சாமான் பெட்டிக்குப் போகும். அங்கே கூலிங் காயில். திரவம் அதற்குள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த காற்றை ஒரு விசிறி பின்னிருக்கைக்கு மேலாக உள்ளே தள்ளும். இந்த ஏற்பாடு சாமான் பெட்டியில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிட்டது.

அதில் பெரிய வேடிக்கை, அதை நிறுத்துவது. கம்ப்ரசரை இன்ஜினிலிருந்து பிரித்துவிடும் கிளட்ச் அந்தக் கருவியில் இல்லை. இன்ஜின் ஓடும்வரை கம்ப்ரசரும் ஓடும். விசிறிக்கு மட்டும்தான் ஸ்விட்ச். கம்ப்ரசரை முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் காரை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை என்கிறார்கள். 1941ஓடு பெக்கார்ட் அதைக் கைவிட்டது. அதே 1941இல் கேடிலாக் சுமார் 300 கார்களில் ஏர்கோன் பொருத்தியது. அதன் கட்டுப்பாடு இருந்த இடம் பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள தட்டு. ஆக, குளிரைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓட்டுகிறவர் கைக்கு எட்டாத காரியம்.

அதன் பிறகு போர். ஆடம்பரக் கார் செய்த தொழிற்சாலைகள் போர்த் தளவாடம் செய்யப் போயின. கார் ஏர்கோன் பெரிய அளவில் திரும்பி வந்தது 1953இல். ஜெனரல் மோட்டார்ஸ் தன் குளிர்பெட்டிப் பிரிவான பிரிஜிடேரின் கருவியை கேடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வைத்தது. கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் 'ஏர்டெம்ப்' என்ற கருவியை வைத்தது. எல்லாமே சாமான் பெட்டியில்தான். கேடிலாக்கில் பின்கண்ணாடிக்குக் கீழேயுள்ள தட்டிலிருந்து இரண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் எழும்பிக் கூரைக்குள் போகும். கூரையில் உள்ள துளைகள் வழியாகக் குளிர்காற்று தலைமேல் இறங்கும். காருக்கு வெளியே, பின்பக்க உடம்பில், காற்றை உள்ளிழுக்கச் சிறிய வாய்கள். தெருவில் போகிறவர்களுக்குக்கூட இது ஏர்கோன் கார் என்று தெரிந்துவிடும். அதற்கு விலை சுமார் 620 டாலர். அந்த வருடத்தின் சாதாரண கேடிலாக் செடானே 3,700 டாலரை ஒட்டித்தான் விற்றது. காரின் விலையில் ஆறில் ஒரு பங்கைக் கொடுத்துக் குளிரை வாங்கினார்கள்.

*

ஏன் சாமான் பெட்டி? யாரும் சாதி பார்த்து வைத்ததல்ல. அன்றைய கூலிங் காயிலும் விசிறியும் அவ்வளவு பெரியவை. முன்னால் இன்ஜினும் ரேடியோவும் ஹீட்டரும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருந்தன. இடம் மிச்சமிருந்தது பின்னால்தான். ஆனால் அமெரிக்காவில் கேடிலாக் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களே கார் ஓட்டினார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து வரும் குளிர் ஒரு தொல்லை. பின்னால் இருக்கும் மாமியாருக்குக் கழுத்து விறைக்கும், முன்னால் ஓட்டுகிற மருமகனுக்கு வியர்க்கும்.

அதே காரைக் கொண்டுவந்து ஈப்போவில் நிறுத்திப் பாருங்கள். கதை தலைகீழ். இங்கே முதலாளி உட்காருவது பின்னால். கைகாட்டி வழி சொல்வது பின்னாலிருந்து. கண்ணாடியை ஏற்று, இறக்கு என்ற உத்தரவும் பின்னாலிருந்துதான். அமெரிக்காவில் பொறியியல் குறையாக இருந்தது, இங்கே சமூக ஒழுங்காகப் பொருந்திப் போயிருக்கும்.

தாத்தா ஓட்டியது ஏர்கோன் இல்லாத செவ்ரலே. கோலாலம்பூருக்குப் போகும் நாளில் தவுக்கே பின்கண்ணாடிகளைப் பாதி இறக்கி வைத்துக்கொள்வாராம். தாத்தா பக்கத்துக் கண்ணாடியை மட்டும் முழுதாக ஏற்றச் சொல்வாராம். முன்கண்ணாடி திறந்திருந்தால் தூசும் காற்றும் நேராக அவர் முகத்தில் அடிக்கும். தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் என்று நீளும் அந்தப் பாதையில் தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அதை ஒரு குறையாக அவர் சொன்னதில்லை. "மொதலாளி காடி. அவரு காத்து" என்பார். அவ்வளவுதான்.

அவரு காத்து. காற்றுக்குச் சொந்தக்காரர் இருக்க முடியும் என்பதை தாத்தா எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார்.

*

என் பெரியப்பா புந்தோங்கில் கார் ஏர்கோன் பட்டறை வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஏர்கோன் எப்படிக் குளிரை உண்டாக்குகிறது என்று ஒருமுறை கேட்டேன். அவர் கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குளிர்னு ஒரு சாமானே கெடையாதுடா. உள்ள இருக்கிற சூட்ட அள்ளிட்டுப் போயி வெளிய கொட்டுறோம். உள்ளுக்கு ஜில்லுன்னு இருந்தா, எங்கியோ ஒருத்தன் மேல சூடு அடிக்குதுன்னு அர்த்தம்."

இயற்பியலும் இதையேதான் சொல்கிறது. கண்டென்சர் வழியாக வெளியே போகும் சூடு, காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டைவிட எப்போதும் கூடுதல். கம்ப்ரசர் செய்த வேலையும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. குளிரூட்டல் என்பது வெப்பத்தை அழிப்பதல்ல, இடம் மாற்றுவது. பேராக்கின் வரலாற்றைப் படிக்க எனக்குக் கிடைத்த நல்ல திறவுகோல் பெரியப்பாவின் இந்த வாக்கியம்தான்.

அந்த அமெரிக்கக் காரைப் பிரித்துப் பார்ப்போம். டயர் ரப்பர். 1877இல் ரப்பர் கன்றுகள் மலாயாவுக்கு வந்தபோது ஒன்பது கன்றுகள் நடப்பட்டது கோலகங்சாரில். அன்றைய ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில். அங்கிருந்து பரவிய மரம்தான் பிறகு டெட்ராய்டுக்குத் தீனி போட்டது. உலகின் ரப்பரில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்கா. அந்த நாட்டு ரப்பர் கம்பெனி ஒன்றுக்குக் கெடாவில் சொந்தமாகவே தோட்டங்கள் இருந்தன. அடுத்து ரேடியேட்டர். செம்பு, பித்தளைத் தகடுகளை ஒட்டவைத்த பற்று ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் என்றால் கிந்தா பள்ளத்தாக்கு. 1950களில் உலகின் வெள்ளீயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலாயாவிலிருந்து போனது. அதில் பெரிய பங்கு கிந்தாவுடையது. பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கிறதே அந்த ஈயக்கப்பல், அது கட்டப்பட்டது 1938இல். பெக்கார்ட் சிகாகோவில் குளிர்க்காரைக் காட்டுவதற்கு ஒரு வருடம் முன்பு.

இவ்வளவையும் கொடுத்த ஊரில் அந்தக் கார்கள் பெருகியிருக்க வேண்டுமே? இல்லை. காரணம் டாலர். போருக்குப் பின் பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. ஸ்டெர்லிங் வட்டாரத்தில் மிக அதிகமாக அமெரிக்க டாலர் ஈட்டித் தந்த காலனி மலாயா. ரப்பரும் ஈயமும் விற்று வந்த அந்த டாலர் லண்டனின் பொதுக் கஜானாவுக்குப் போனது. மலாயாவில் இருப்பவர் அமெரிக்கக் கார் வாங்க நினைத்தால் டாலர் இறக்குமதிக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். அதற்கு முன்பே பிரிட்டிஷ் பேரரசுச் சரக்குக்குச் சலுகை தரும் வரி இருந்தது. ஆகவே இங்கே சாலையில் அதிகம் ஓடியவை ஆஸ்டின், மோரிஸ், ஹம்பர். பாட்டி வெட்டிய பாலுக்கு அமெரிக்கா கொடுத்த டாலரில், தாத்தாவின் முதலாளிகூட நினைத்த நேரத்தில் ஒரு கேடிலாக் வாங்கிவிட முடியாது.

*

கார்க் குளிர் வருவதற்கு முன் பேராக்கில் குளிர் எங்கே இருந்தது? மலைமேல். தைப்பிங்கில் மேக்ஸ்வெல் மலை 1884இலேயே துரைமார்களின் ஓய்விடமானது. இன்றைய பெயர் புக்கிட் லாரூட். ஜீப் ஏறும் பாதை 1948இல்தான் முடிந்தது. அதற்கு முன் போனவர்கள் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, சுமையாட்கள் தூக்கிய நாற்காலியில் உட்கார்ந்தோ போனார்கள். மேலே போகிறவருக்குக் குளிரக் குளிர, தூக்குகிறவருக்கு வியர்த்திருக்கும். கம்ப்ரசர் இல்லாத ஏர்கோன் அது. மனிதத் தோள்தான் பெல்ட்.

தோட்டத்திலும் குளிர் இருந்தது. ஆனால் அது மரத்துக்காக. அதிகாலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரம் நீரை இழக்கும், பால் சுருங்கும். அதற்காகத்தான் விடியுமுன் பெரட்டு. இருட்டில் தலைவிளக்கோடு நிறைக்குப் போவது. நாளின் குளிர்ந்த மணிகளை மரம் எடுத்துக்கொண்டது. வெட்டி முடித்துப் பால் எடுத்து ஸ்டோருக்குத் தூக்கி வரும் வேலை வெயிலுக்கு விழுந்தது. ஸ்டோரிலோ புகைக்கூடம். ரப்பர் ஷீட்டுகளை நாள்கணக்கில் சூட்டில் உலர்த்தும் அறை. உள்ளே 60 டிகிரி வரை ஏறும். பிறகு வீட்டுக்கு வந்தால் தகரக் கூரை போட்ட லயம். பாட்டி சொல்வாள்: "காலைல குளிரு, அப்புறம் பூரா நெருப்பு. மழ பேஞ்சா நல்லாத்தான் இருக்கும், ஆனா அன்னிக்கி வேல இல்ல, சம்பளமும் இல்ல." குளிர்ச்சி அவளுக்குச் சும்மா கிடைத்ததே இல்லை. கிடைத்த நாளில் கூலியில் கழிந்துவிட்டது.

1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பிய துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதன் பிறகு பேராக் தோட்டங்களில் துரையின் காருக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் தகடு, பார்க்க ஒரு கீறல். இந்த வெயிலில் அப்படி ஒரு கார் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வரலாற்றில் அபூர்வமாக, துரையும் ஓட்டுநரும் ஒரே சூட்டில் உட்கார்ந்து போன காலம் அது. லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலத்தையும் கேட்டில் சோதித்தார்கள். அதே வருடங்களில்தான் கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை 1951 தொடக்கத்தில் உச்சிக்குப் போனது. பிறகு சரிந்தது. அது சரிந்துகொண்டிருந்த 1953இல், அட்லாண்டிக்குக்கு அப்பால் கேடிலாக்கின் கூரையிலிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கியது.

*

இந்த இடத்தில் இன்னொரு குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டங்களின் தலையெழுத்தை மாற்றியதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனாலும் நம்மிடையே அதிகம் பேசப்படாதது.

1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அடைபட்டது. அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரை அவசர அவசரமாகப் பெரிய அளவில் செய்தார்கள். ஆனால் அதன் தரம் போதவில்லை. டயர் சீக்கிரம் தேய்ந்தது. அந்த ரப்பரைச் சமைத்தது சுமார் 50 டிகிரி சூட்டில். போருக்குப் பிறகு அதே கலவையைக் குளிர்சாதனம் வைத்து 5 டிகிரிக்கு இறக்கிச் செய்து பார்த்தார்கள். ரப்பர் மேம்பட்டது. தரையில் உரசும் டயர் முகத்துக்கு அது நன்றாகவே உழைத்தது. 1948இல் சந்தைக்கு வந்த அதற்கு 'குளிர் ரப்பர்' என்றே பெயர். 1960களில் உலகப் பயன்பாட்டில் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரை முந்திவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரே தொழில்நுட்பம். காரின் உள்ளே அது பின்னிருக்கையைக் குளிர்வித்தது. காரின் அடியில், டயரில், அது பால்மரத்துக்குப் போட்டியாளனை உருவாக்கியது. தோட்டத் துண்டாடலுக்குக் காரணம் செயற்கை ரப்பர் மட்டுமல்ல. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக நினைத்தன, நிலத்தைத் துண்டு போட்டு விற்றால் லாபம் அதிகம் என்று தரகர்கள் கணக்குப் போட்டார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்தார். ஆனால் ரப்பரின் எதிர்காலத்தின் மேல் விழுந்த சந்தேகத்தில் அந்த 5 டிகிரிக்கும் பங்கு உண்டு. பாட்டி அந்த எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை. அது அவளைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருந்தது.

*

பின்பெட்டி ஏர்கோன் நீண்ட நாள் வாழவில்லை. 1954இல் நாஷ் என்ற கம்பெனி எல்லாவற்றையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. நாஷ், கெல்வினேட்டர் குளிர்பெட்டி செய்த அதே குடும்பம். கூலிங் காயிலைச் சிறிதாக்கி டேஷ்போர்டுக்குள் அடக்கி, ஹீட்டரோடு இணைத்து, கம்ப்ரசருக்கு மின்காந்தக் கிளட்ச் வைத்தார்கள். பெல்ட்டைக் கழற்றும் வேலை ஒழிந்தது. விலை 345 டாலர். கேடிலாக்கின் விலையில் பாதியைச் சற்றுத் தாண்டியது. அதே வருடம் பான்டியாக்கும் முன்பக்க ஏர்கோன் வைத்தது. சில வருடங்களில் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். 1969இல் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கும் மேல் ஏர்கோன் இருந்தது.

இது தொழில்நுட்ப முன்னேற்றம் மட்டுமல்ல. ஓட்டுகிறவன் ஓர் ஆள் என்று இயந்திரம் ஒப்புக்கொண்ட தருணமும்கூட. ஓட்டுகிறவனே முதலாளி என்பதால்தான் அமெரிக்காவில் அது சீக்கிரம் நடந்தது. பின்னிருக்கைக்கென்று தனி ஏர்கோன் பிறகு எஞ்சியது நீண்ட லிமோசின்களிலும் மிகப் பெரிய கார்களிலும்தான். நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்ட வண்டிகளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. காற்றையும் பிரித்தே வைத்தார்கள்.

நம் பக்கம் அது வேறு வழியில் வந்தது. கார் ஏர்கோன் இங்கே பரவியபோது பெரும்பாலும் அது தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல, பட்டறையிலிருந்து வந்தது. பழைய காரின் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு கம்ப்ரசரை முடுக்கி, குழாய் இழுத்து, காஸ் அடித்து அனுப்புவார்கள். பெரியப்பா அப்படித்தான் தொழில் கற்றார். தோட்டத்தை விட்டு வந்த பையன்களுக்கு டவுனில் கிடைத்த வேலைகளில் இதுவும் ஒன்று. லயத்தில் வெந்தவர்கள் டவுனில் குளிர் விற்றார்கள்.

1985 ஒரு திருப்பமான வருடம். ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்கும் பணம் தீர்ந்து கைவிரித்தது, ஈய விலை விழுந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தவுக்கேக்களின் பின்னிருக்கை ஈப்போவில் காலியான அதே காலத்தில், வாத்தியாரும் கிராணி மகனும் மாதத் தவணையில் சாகா வாங்கி முன்னிருக்கையில் தாங்களே உட்கார்ந்தார்கள். பின்னால் தனிக் காற்று கிடையாது. தேவைப்படவும் இல்லை. பின்னால் இருந்தது பிள்ளைகள்.

தனியான பின் ஏர்கோன் பிறகு திரும்பி வந்தது வேன்களில். நிசான் வேனெட் மாதிரி வேன்கள் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிற்சாலைப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஓடின. இப்படிப்பட்ட பல வேன்களின் பின்பக்கத்துக்குத் தனியாகக் கூலிங் காயிலும் விசிறியும் உண்டு. ஒரு காலத்தில் கேடிலாக்கின் பெருமையாக இருந்த ஏற்பாடு, தோட்டத்திலிருந்து ஜெலப்பாங் தொழிற்பேட்டைக்கு இரவு ஷிப்டுக்குப் போகும் அக்காமார்களின் தலைமேல் ஊதியது. ஸ்விட்ச் மட்டும் இடம் மாறிவிட்டது. 1941 கேடிலாக்கில் அது ஓட்டுநருக்கு எட்டாது. நான் போன பள்ளி வேனில் அது ஓட்டுநர் அண்ணன் கையில் இருந்தது. ஏற்றம் வந்தால் "வண்டி இழுக்கல" என்று சொல்லிப் பின் ஏர்கோனை அணைத்துவிடுவார். நாங்கள் கத்துவோம். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். தாத்தா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

*

இதை வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். ஆனால் பெரியப்பாவின் விதி விடாது: சூடு எங்கோ போயாக வேண்டும்.

முதலில் அது மேலே போனது. அந்தக் கார்களுக்குள் ஓடிய காஸ், ஃபிரியான் என்ற ஆர்-12. அதை உருவாக்கிய தாமஸ் மிட்ஜ்லி, 1930இல் அதை மூச்சில் இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்பதற்கு நிரூபணம். 1974இல்தான் இந்த வகைக் காஸ்கள் ஓசோனைத் தின்னும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1989இல் மலேசியா சேர்ந்தது. 1990களில் புதுக் கார்களுக்கு வேறு காஸ் வந்தது. பட்டறைக்காரர்கள் 'பழைய காஸ்', 'புது காஸ்' என்று பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். புது காஸும் ஓசோனைத்தான் விட்டுவைத்தது, பூமியைச் சூடாக்குவதை விடவில்லை.

இரண்டாவது, அது பக்கத்தில் போகிறது. ரப்பர் போன இடத்தில் இப்போது செம்பனை. பேராக் தோட்டங்களில் இன்று வெயிலில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். ஈப்போவில் ரோடு தோண்டுகிறவர்களும் அவர்கள்தான். நம்மில் பலர் இன்று காருக்குள் இருக்கிறோம். சிலர் பின்னிருக்கைக்கே வந்துவிட்டோம். செல்போனில் கூப்பிட்ட வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததும், "அண்ணே, பின்னால கொஞ்சம் ஏர்கோன் கூட்டுங்க" என்று சொல்வது நாமும்தான்.

சொல்வதில் தப்பில்லை. இந்த வெயிலில் குளிர் ஆடம்பரம் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. பாட்டிக்கு அது கிடைத்திருக்க வேண்டும், தாத்தாவின் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தமே. என் ஆசை ஒன்றுதான். நம் இலக்கியம் பால்மரத்தை எழுதியிருக்கிறது, லயத்தை எழுதியிருக்கிறது, கள்ளுக்கடையை எழுதியிருக்கிறது. முன்னிருக்கையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டியவர்களும், காருக்கடியில் படுத்துக் காஸ் அடித்தவர்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், காற்று யாருடையதாக இருந்தது, யார் மேல் சூடு அடித்தது என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதிவைக்கலாம்.

அதற்கு முன் ஒரு மதிய நேரத்தில், சிக்னலில் நிற்கும் கார் வரிசைக்குப் பக்கமாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு காரின் முன்பக்கத்தைக் கடக்கும்போதும் முட்டியில் ஓர் அனல் அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது.